இரண்டாம் கியரில் 1,200 சுற்று: மலைப்பாதைக்குக் கார் ட்யூன் செய்வோருக்கு ஒரு முழு வழிகாட்டி

மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. முன்னால் அரசுப் பேருந்து. அது சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு மெல்லத் திரும்பியது. பின்னால் நான் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன். பேருந்து நிமிர்ந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். அடைத்த குரலில் இன்ஜின் முனகியது. ஒன்றரை நொடி கழித்து, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விழித்துக்கொண்டது. உள்பக்கச் சக்கரம் கிறீச்சிட, கார் பேருந்தின் பின்புறத்தை நோக்கிப் பாய்ந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது இரண்டு வண்டிகளுக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும்.

அதற்கு முந்தைய வாரம்தான் கோவையில் ஒரு பட்டறையில் பெரிய டர்போ போட்டு, இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, நாற்பத்தைந்து குதிரைத்திறன் கூடியிருக்கிறது என்று அச்சடித்த தாளை வாங்கி வந்திருந்தேன். தாளில் பொய் இல்லை. ஆனால் அந்த நாற்பத்தைந்தும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்றுக்கு மேல் சுழலும்போதுதான் இருந்தது. குன்னூரில் குடியிருக்கும் நான் அந்தச் சுற்றுக்கு வாரத்தில் எத்தனை முறை போகிறேன்? போலோ, அபார்த் புன்ட்டோ, ஆக்டேவியா ஆர்.எஸ். என்று நம் பக்கத்தில் ஆசையாக மாற்றியமைக்கப்படும் எந்தக் காராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அந்தக் கேள்விக்கு விடை தேடிச் செலவழித்த இரண்டு ஆண்டுகளும் கொஞ்சம் பணமும் கற்றுக்கொடுத்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

குதிரைத்திறன் தனியாக ஒரு பொருள் அல்ல. முறுக்குவிசையை, அதாவது இன்ஜின் தண்டைத் திருப்பும் விசையை, இன்ஜின் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வருவதே அது. அதனால் மேல் சுற்றில் கொஞ்சம் முறுக்குவிசை கூடினாலே குதிரைத்திறன் எண் மளமளவென்று ஏறிவிடும், விளம்பரத்துக்கு வசதி. மலையில் நிலைமை வேறு. பெரும்பாலான சிறிய கார்களில் இரண்டாம் கியரில் ஆயிரம் சுற்றுக்கு மணிக்குச் சுமார் 15 கி.மீ. வேகம் வரும். கொண்டை ஊசியை 18 கி.மீ. வேகத்தில் எடுத்தால் இன்ஜின் 1,200 சுற்றில் இருக்கிறது. வளைவு முடிந்து அடுத்த வளைவு வருவதற்குள் 45 கி.மீ. தொட்டால் 3,000 சுற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசிகள். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. உங்கள் காரின் வாழ்க்கை இந்த 1,200க்கும் 3,000க்கும் இடையில்தான் கழிகிறது.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். 1,200 கிலோ எடையுள்ள கார், நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் ஏற்றத்தில் 40 கி.மீ. வேகத்தில் சீராக ஏறுவதற்குச் சக்கரத்தில் தேவைப்படுவது சுமார் 15 குதிரைத்திறன். நூற்றுப் பத்து உள்ள காரிலேயே மிச்சம் தாராளமாக இருக்கிறது. மலையில் வண்டி ‘இழுக்கவில்லை’ என்று நாம் சொல்லும்போது குறைவது சக்தி அல்ல. கால் கேட்கும் நேரத்தில் அது வந்து சேராததுதான் குறை.

முதல் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எந்தப் பட்டறைக்கும் போகும் முன் ஒரு சின்ன நோட்டை டேஷ்போர்டில் வையுங்கள். எங்கே போனீர்கள், காரில் எத்தனை பேர், எங்கே எரிச்சல் வந்தது என்று எழுதுங்கள். என் நோட்டில் ஏழு நாளில் ஐந்து நாள் பள்ளிக்கூடமும் கடைவீதியும், ஒருநாள் ஊட்டி, ஒருநாள் கோவை. எரிச்சல் என்று எழுதியவற்றில் பாதிக்கு மேல் குன்னூர் மவுண்ட் ரோடு ஏற்றத்தில் நெரிசலில் நின்று கிளம்பியவை. ‘உச்ச வேகம் போதவில்லை’ என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லை. இந்த நோட்டைக் காட்டி ட்யூனரிடம் பேசினால் பேச்சே வேறு திசையில் போகும்.

இரண்டாம் படி: உள்ளதைச் சரிசெய்யுங்கள்

வயதான ஸ்பார்க் பிளக், சோர்ந்த இக்னிஷன் காயில், எங்கோ கசியும் டர்போ குழாய் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ரீமேப் செய்வது, அதாவது இன்ஜின் கணினியில் உள்ள கட்டளைத் தொகுப்பான மேப்பைத் திருத்தி எழுதுவது, ஓட்டைப் பானைக்கு வண்ணம் பூசுவது. சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (அமுக்க அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். இருநூறு, முந்நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கும் கார் கணினியின் தகவலைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகி, கைபேசியில் டர்போ அழுத்தம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், நாக்கிங்கால் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பதால்) இக்னிஷன் தீப்பொறியின் நேரம் எவ்வளவு பின்வாங்குகிறது என்ற மூன்றையும் பதிவு செய்து வையுங்கள். மாற்றத்துக்குப் பிறகு ஒப்பிட இந்தப் பதிவுதான் ஆதாரம். இது இல்லாமல் செய்தால் ‘நன்றாக இருக்கிறது போலத் தோன்றுகிறது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: பிரேக்

இன்ஜினில் ஒரு ரூபாய் போடும் முன் பிரேக்கில் போடுங்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டர் அளவில். 1,200 கிலோ காரை அந்த 1,900 மீட்டர் இறக்கும்போது வெளியாகும் ஆற்றல், அறுபது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவும் இன்ஜின் பிடியிலோ காற்றிலோ பிரேக் தட்டிலோ போய்த்தான் ஆக வேண்டும். கல்லாறு அருகே சக்கரத்திலிருந்து புகை வர, பதறிப்போய்ப் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும் சுற்றுலாக் குடும்பத்தைப் பார்க்காத நீலகிரிக்காரர் இருக்க மாட்டார். தயவு செய்து ஊற்றாதீர்கள். தகதகக்கும் இரும்புத் தட்டில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணும், வெடிக்கவும் செய்யும். நிழலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் காத்திருப்பதே வழி.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். சமவெளியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்று என்கிறார்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை மூடுபனியில் ஊறும் நம் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டாட் 5.1 போட்டால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். பிரேக் பேடு வாங்கும்போது பந்தயப் பேடு வேண்டாம். அது சூடானால்தான் பிடிக்கும்; காலையில் வீட்டு வாசல் இறக்கத்தில் முதல் மிதிக்குப் பிடிக்காது. சாலையில் ஓட்டுவதற்கென்றே செய்த, கொஞ்சம் அதிக வெப்பம் தாங்கும் பேடு போதும்.

டயர் பற்றிச் சுருக்கமாக: அகலத்தைக் கூட்டுவதைவிட நல்ல ரப்பர் வாங்குங்கள். ஈரத் தாரில் பிடிக்கிறதா என்பதே கேள்வி. மேலே ஏறினால் காற்றழுத்தமானியில் டயர் அழுத்தம் கூடும் என்று சிலர் கோவையிலேயே காற்றைக் குறைத்துவிடுகிறார்கள். வெளிக் காற்றழுத்தம் குறைவதால் மூன்று பி.எஸ்.ஐ. கூடுவது உண்மை, குளிரால் அதே அளவு குறைவதும் உண்மை. இரண்டும் கழிந்துவிடும். குளிர்ந்த டயரில், உங்கள் ஊரிலேயே பார்த்து நிரப்புங்கள்.

நான்காம் படி: ரீமேப், அல்லது உண்மையான வேலை

ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். டர்போ இன்ஜின் இழக்காது என்பார்கள். பாதி உண்மை. டர்போ சுழன்று அழுத்தம் கட்டிய பிறகுதான் அது இழக்காது. அதற்கு முன், அந்த 1,200 சுற்றில், அதுவும் மூச்சு வாங்கும் சாதாரண இன்ஜின்தான். அதனால்தான் சமவெளியில் தெரியாத தாமதம் குன்னூர் ஏறும்போது தெரிகிறது. பெரிய டர்போவின் கனமான சக்கரம் சுழலத் தொடங்க இன்னும் நேரம் எடுக்கும். மலையில் இருப்பவருக்கு என் முதல் அறிவுரை: கம்பெனி போட்ட சிறிய டர்போவை மாற்றாதீர்கள். நான் மாற்றியதைக் கழற்றிப் பழையதையே திரும்பப் போட்டேன்.

அடுத்தது பெரும்பாலோர் யோசிக்காதது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவரும்படி இ.சி.யு.வில், அதாவது இன்ஜின் கணினியில், எழுதியிருக்கும். கோவையில், 411 மீட்டர் உயரத்தில், அந்த அளவை எட்ட டர்போ வெளிக்காற்றைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக அழுத்தினால் போதும் என்று வையுங்கள். ஊட்டியில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் அதே அளவை எட்ட அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். டர்போ கூடுதல் வேகத்தில் சுழலும். வெளியே குளிர் என்றாலும் அழுத்தப்பட்ட காற்று சமவெளியைவிடச் சூடாகவே வெளிவரும். கோவை டைனோவில் எல்லை வரை இழுத்து எழுதிய மேப் தொட்டபெட்டாவில் எல்லை தாண்டியிருக்கும். எனவே ட்யூனரிடம் தெளிவாகக் கேளுங்கள்: உயரம் கூடக் கூட டர்போ அழுத்தத்தைக் குறைக்கும் அட்டவணையை அப்படியே விட்டிருக்கிறீர்களா? அந்த அட்டவணையே அவருக்குப் புதிது என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

அவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை இவை. முறுக்குவிசை 1,500 சுற்றிலிருந்து சாய்வாக ஏற வேண்டும். சுவர் போல் நிற்கக் கூடாது. முதல், இரண்டாம் கியர்களில் தனியாக ஒரு வரம்பு வேண்டும். ஏற்றமான கொண்டை ஊசியில் முன்சக்கர இழுவைக் காரின் உள்பக்க முன்சக்கரம் எடை இழந்து கிட்டத்தட்ட மிதக்கிறது. அங்கே முழு முறுக்குவிசையும் வந்தால் அது சுழலும், கணினி சக்தியை வெட்டும், கார் தடுமாறும். கூட்டிய சக்தி கூட்டாததைவிட மோசமாகிவிடும். மூன்றாம் கியரிலிருந்து முழுவதும் கொடுக்கட்டும். ஆக்சிலரேட்டர் பெடலைக் கூர்மையாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கால் கொஞ்சம் அசைந்தாலே பாதித் திறப்பு என்று வைத்துக்கொடுத்தால் முதல் நாள் ‘ஆகா’ என்றிருக்கும், நெரிசலில் மூன்றாம் நாள் கணுக்கால் வலிக்கும்.

கியர்பாக்ஸின் வரம்பையும் மறக்கக் கூடாது. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் வந்த ஏழு வேக உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. என்ற தானியங்கிக் கியர்பாக்ஸ், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரைதான் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. கம்பெனி அதில் அனுப்பியது 175 மட்டுமே. இடைவெளியைப் பார்த்து ஆசை வருவது இயல்பு. ஆனால் மலையில் ஊர்ந்து ஊர்ந்து அந்தக் கிளட்ச் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கிறது. 220ஐத் தாண்டாமல் இருப்பது என் விருப்பம்.

பெட்ரோல் விஷயம். உங்கள் ஊர் பங்கில் எந்த நாளும் கிடைக்கும் பெட்ரோலுக்கு மேப் எழுதச் சொல்லுங்கள். 95 ஆக்டேன் பெட்ரோல் (இந்த எண் கூடினால் நாக்கிங் குறையும்) எப்போதும் கிடைக்கும் இடத்தில் இருந்தால் அதற்கு எழுதலாம். 100 ஆக்டேனுக்காகக் கோவை போய் வர வேண்டும் என்றால் அந்த மேப் உங்களுக்கானது அல்ல. மண்சரிவில் சாலை அடைபட்ட வாரத்தில் சாதாரணப் பெட்ரோல் போட்டு, இன்ஜின் நாக் செய்வதைக் கேட்டுக்கொண்டே ஓட்ட நேரிடும்.

டர்போ இல்லாத கார் வைத்திருப்போருக்கு ஒரு வரி: மேல் சுற்றுக்கான கேம் ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தேடிப் போகாதீர்கள். சக்கரத்துக்குப் போகும் கடைசிப் பல்சக்கர இணையான ஃபைனல் டிரைவின் விகிதத்தை மாற்றிக் கியர்களைச் சற்றே குட்டையாக்கினால் மலையில் மறுபிறவி எடுத்தது போலிருக்கும். கோவை நெடுஞ்சாலையில் கொஞ்சம் இரையும், மைலேஜ் கொஞ்சம் குறையும்.

ஐந்தாம் படி: கிளட்ச், ஃப்ளைவீல்

எடை குறைந்த ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுழலும் தட்டு) பந்தயத் தடத்தில் அழகு. ஏற்றத்தில் நின்று கிளம்புவதற்கு அது எதிரி. கனமான ஃப்ளைவீல் சேமித்து வைத்திருக்கும் சுழற்சிதான் கிளட்சை விடும் கணத்தில் இன்ஜின் அணையாமல் காக்கிறது. செராமிக் கிளட்ச் தட்டும் அப்படியே: பிடிக்கும் அல்லது பிடிக்காது, நடுவில் எதுவும் இல்லை. முன்னால் மிளகாய் மூட்டை ஏற்றிய ஜீப், பின்னால் ஒட்டி நிற்கும் ஆட்டோ, நடுவே நீங்கள் என்ற நிலையில் அந்த ‘நடுவில்’தான் வேண்டியிருக்கிறது. கம்பெனி வகை ஆர்கானிக் தட்டையே, கொஞ்சம் அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டோடு போடுங்கள். அதற்குள் அடங்கும் முறுக்குவிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: காற்று உள்ளே, புகை வெளியே

இன்ஜின் அறைக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் போடாதீர்கள். சூடான காற்றையும் மூடுபனியின் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். பழைய பெட்டிக்குள்ளேயே நல்ல ஃபில்டர் தாள் போதும். அந்தச் செலவை, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் போடுங்கள்.

சைலன்சரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெற்றுக் குழாய் வகைகள் 2,000 முதல் 2,500 சுற்று வரை காருக்குள் ‘ஙொய்ங்’ என்று ஒரு ரீங்காரம் போடும். சமவெளியில் அந்தச் சுற்றை நொடியில் கடந்துவிடுவோம். மலையில் அங்கேயே குடியிருக்கிறோம். ஒரு மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு தலை வலிக்கும். ஆக்சிலரேட்டரை விடும்போது பட்டாசு வெடிக்கும்படி மேப் எழுதித் தருகிறார்கள். அதற்கு எனக்கு இரக்கமே கிடையாது. கல்லாறு யானை நடமாட்டம் உள்ள இடம். தேயிலைத் தோட்ட ஓரம் மாலையில் காட்டெருமை சாலையிலேயே நிற்கும். ஒரு டன் எடையுள்ள மிருகத்தை மூடுபனியில் மிரட்டிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிக்கும் நிலைக்கு உங்களை ஆளாக்கிக்கொள்ளாதீர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுக்கவே வேண்டாம்.

ஏழாம் படி: சஸ்பென்ஷன்

தாழ்த்தாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சரி, 25 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். மழைக்குப் பிறகு சாலை ஓரம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் வளைவில் உள்பக்கச் சக்கரம் இன்னும் சீக்கிரம் தூக்கும். நல்ல டாம்பர் (ஷாக் அப்சார்பர்), சாதாரண ஸ்பிரிங் என்பதே இங்கே பொருத்தம். பணம் மிச்சமிருந்தால், ஒரு சக்கரம் வீணாகச் சுழலும்போது மற்றதற்கும் விசையை அனுப்பும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போடுங்கள். கொண்டை ஊசியின் வாயில் அது தரும் இழுவையை முப்பது குதிரைத்திறன் தராது.

எட்டாம் படி: காகிதம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் இருக்கிறது. இன்ஜினையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும். செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். பள்ளத்தில் இறங்கிய காரை மேலே தூக்கிய பிறகு தொடங்க வேண்டிய பேச்சு அல்ல அது.

ஒன்பதாம் படி: சோதனை

முழு ஆக்சிலரேட்டர் சோதனைகளை மலைப்பாதையில் செய்யாதீர்கள். அதற்குக் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மலையில் பார்க்க வேண்டியவை மெதுவானவை. கோடை சீசனில் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் ஒருவழியாக்கிவிடுவார்கள், நெரிசலும் அதிகம். அந்த மாதங்களைத் தவிருங்கள்.

வார நாளில், அதிகாலையில், மேட்டுப்பாளையத்தில் ஓ.பி.டி. பதிவைத் தொடங்கி ஊட்டி வரை ஏறுங்கள். காருக்குள் நான்கு பேர் இருக்கட்டும். தனியாக ஓட்டி ட்யூன் செய்த கார்கள்தான் குடும்பத்தோடு ஏறும்போது மானத்தை வாங்கும். நாக்கிங் பின்வாங்கல் உயரத்தோடு கூடிக்கொண்டே போனால் மேப் தவறு. பத்து நிமிடம் பேருந்தின் பின்னால் ஊர்ந்த பிறகு உள்காற்றின் வெப்பம் எவ்வளவு, சாலை திறந்ததும் எத்தனை நொடியில் இறங்குகிறது என்று பாருங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரில் கால் எடுத்தால் கார் தானாகப் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். சில மேப்களில் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பார்கள், இன்ஜின் பிடி குறைந்துவிடும். ஜனவரியில் ஊட்டி அருகே தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி வெளுத்திருக்கும் காலையில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதல் நிமிடம் தடுமாறினால் குளிர்நேர எரிபொருள் அட்டவணையைத் தொட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

எல்லாம் முடிந்ததும், ட்யூனிங் பற்றி எதுவும் சொல்லாமல் சாவியை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து மவுண்ட் ரோடுவரை போய்வரச் சொல்லுங்கள். பெரிய டர்போ இருந்த காலத்தில் என் மனைவி போய்வந்து சாவியை மேசையில் வைத்துவிட்டு, “இதற்கு என்ன உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். இப்போதைய மேப் போட்ட மறுநாள் அதே சாவியை வைத்துவிட்டு, கொத்தமல்லி விலை ஏறிவிட்டது என்றாள். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று மாலையே ட்யூனரைக் கூப்பிட்டு, மேப்பை இனித் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.